கோயில் பள்ளிக்கூடம்: இராமநாதபுரம் கடற்கரையின் திருச்சபைத் தொடக்கப் பள்ளிகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூக்கையூர் தொடங்கி மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் வழியாக வடக்கே தொண்டி வரை நீளும் கடற்கரையில், கோயில் வளாகத்தை ஒட்டி ஐந்து வகுப்புகள் கொண்ட பள்ளிக்கூடம் ஒன்று பல ஊர்களில் இருக்கிறது. அத்தகைய பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால், நூற்றாண்டு விழா நெருங்கும் ஊர்களிலிருந்து முன்னாள் மாணவர்களும் கோயில் மக்களின் பங்குப் பேரவையினரும் தங்கள் பள்ளியின் வரலாற்றை எப்படி எழுதுவது என்று என்னிடம் கேட்பதுண்டு. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லிவரும் விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

கோயில் பள்ளிக்கூடம் என்பது அரசுப் பள்ளியா, தனியார் பள்ளியா?

அரசு உதவி பெறும் தனியார் பள்ளி என்பதே சட்டப்படி சரியான பெயர். நிலமும் கட்டடமும் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைமாவட்டத்துக்கோ தென்னிந்தியத் திருச்சபையின் திருமண்டலத்துக்கோ சொந்தமானவை. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் இருக்கும் ஆசிரியர்களுக்கு ஊதியம் அரசிடமிருந்து வருகிறது. பாடநூலும் சீருடையும் சத்துணவும் அரசு தருபவை. நிர்வாகத்தின் சார்பில் கையொப்பமிடுபவர் தாளாளர். கிராமங்களில் கோயிலின் குருவான பங்குத்தந்தையே தாளாளராக இருப்பார். பெயர்ப் பலகையில் ஆர்.சி. என்றிருந்தால் கத்தோலிக்கப் பள்ளி; சி.எஸ்.ஐ. என்றிருந்தால் தென்னிந்தியத் திருச்சபையின் பள்ளி.

ஊரார் இதைக் "கோயில் பள்ளிக்கூடம்" என்றே சொல்லுவார்கள். இப்பகுதிக் கத்தோலிக்கருக்குத் தேவாலயம் என்றால் கோயில்தான். வெறுமனே "பள்ளி" என்றால் கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் பள்ளிவாசல் என்று பொருள் கொள்பவர்கள் உண்டு. ஆகவே "கூடம்" என்ற ஒட்டு இந்தக் கரையில் பொருளோடுதான் நிற்கிறது.

புனித சவேரியார் காலத்திலேயே இங்கு பள்ளி இருந்தது என்று விழா மலர்களில் எழுதுகிறார்கள். அது உண்மையா?

அப்படி எழுதுவதை நான் ஏற்பதில்லை. சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு, அதாவது முத்துக் குளிக்கும் இந்தத் தென் கடற்கரைக்கு வந்தார். செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து சிறுவர்களைக் கூட்டி மனப்பாடம் செய்வித்ததும், தாம் இல்லாத நாட்களில் அதைத் தொடர்வதற்கு ஊர்தோறும் கணக்கப்பிள்ளைகளை அமர்த்தியதும் வரலாறு. போர்ச்சுக்கல் அரசியின் பாதரட்சைச் செலவுக்கென்று இக்கரையிலிருந்து ஆண்டுதோறும் சென்ற பணத்தைக் கணக்கப்பிள்ளைகளின் ஊதியத்துக்குக் கேட்டு வாங்கினார் என்ற செய்தியும் அவருடைய வாழ்க்கை வரலாறுகளில் வருகிறது. மண்டபத்துக்கு அருகே வேதாளையில் 1549இல் கொல்லப்பட்ட இயேசு சபைக் குரு அந்தோணி கிரிமினாலி இந்தப் பணியில் இருந்தவர்தாம். அதே சபையைச் சேர்ந்த அண்டிரிக் அடிகளாரின் மறைக்கல்வி நூலான "தம்பிரான் வணக்கம்" 1578இல் கொல்லத்தில் அச்சானபோது, தமிழ் எழுத்தில் அச்சிட்ட நூல் ஒன்று இக்கரைக் கிறித்தவர்களின் கைக்கு எட்டும் நிலை உருவாயிற்று.

ஆயினும் செபம் ஒப்பிப்பது வேறு, எழுதப் படிக்கக் கற்பது வேறு. முதலாவதற்கு எழுத்து வேண்டியதில்லை. காதும் நினைவும் போதும். சவேரியாரின் சிறுவர் கூட்டத்தை மறைக்கல்வி வகுப்பு என்று எழுதினால் தவறில்லை. தொடக்கப் பள்ளி என்று எழுதினால், பின்னால் வந்த உபதேசியார்களின் உழைப்பையெல்லாம் ஒரே வரியில் விழுங்கிவிடுகிறோம்.

உபதேசியார் என்பவர் யார்? பள்ளிக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

ஒரு குருவானவர் பத்துப் பன்னிரண்டு ஊர்களைக் கவனித்த காலத்தில், ஒவ்வோர் ஊருக்கும் ஆண்டில் சில நாட்களே அவரால் வர முடிந்தது. எஞ்சிய நாட்களில் செபம் சொல்லுவதும், மறைக்கல்வி கற்பிப்பதும், மரணத் தறுவாயில் இருப்பவருக்கு அருகில் இருப்பதும், திருமணத்துக்கு ஓலை எழுதுவதும் உபதேசியாரின் வேலைகள். அவருக்கு எழுத்துத் தெரியும் என்பதால், ஊர்ப் பிள்ளைகள் அவரிடமே எழுத்துக் கற்றார்கள். கோயில் முகப்பிலோ, பூவரச மர நிழலிலோ, மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகிய பின்னரே பனையோலையும் எழுத்தாணியும் கைக்கு வந்தன. அரிச்சுவடியும் எண்சுவடியும் ஆத்திசூடியும் பிற ஊர்த் திண்ணைப் பள்ளிகளில் இருந்தது போலவே இங்கும் இருந்தன. கூடுதலாகச் செபங்கள் இருந்தன.

பிற்காலத்தில் அரசு மானியம் வந்து, பயிற்சி பெற்ற ஆசிரியர் தேவை என்று ஆனபோது, உபதேசியாரின் மகனோ மருமகனோ பயிற்சிக்குப் போய் வாத்தியாராகத் திரும்பினார். சில குடும்பங்களில் மூன்று தலைமுறை இப்படி ஓடியிருக்கிறது. பழைய தலைமுறை வாத்தியார் வகுப்பு முடிந்ததும் பாடகர் குழுவுக்கு ஆர்மோனியம் வாசிப்பார். கொழும்பிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துக் காட்டிப் பதிலும் எழுதிக் கொடுப்பார். தந்தி வந்தால் முதலில் அவரைத்தான் தேடுவார்கள். படித்துவிட்டு அவர் முகம் மாறுகிறதா என்று வாசலில் நிற்கிற பெண்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இராமநாதபுரம் நகரின் சுவார்ட்ஸ் பள்ளிக்கும் கடற்கரைப் பள்ளிகளுக்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு குறைவு. தஞ்சாவூரில் இருந்த மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரும் ஆங்கிலேய அதிகாரி ஜான் சல்லிவனும் 1785 அளவில் தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் பள்ளிகள் அமைக்க முயன்றார்கள். அந்த முயற்சி அரண்மனைகளைச் சார்ந்தது; ஆங்கிலம் கற்பிப்பதை நோக்கமாகக் கொண்டது. அவர் பெயரைத் தாங்கிய நகரப் பள்ளியில்தான், இராமேசுவரத்தில் தொடக்கக் கல்வியை முடித்த அப்துல் கலாம் படித்தார்.

கடற்கரைப் பள்ளிகளோ தமிழில் எழுதவும் கணக்குப் போடவும் செபிக்கவும் கற்றுக்கொடுத்தவை. ஐந்தாம் வகுப்போடு நின்றவை. அங்கு முடித்த பிள்ளைகளில் ஒருவரோ இருவரோ நகரத்துக்குப் போய் விடுதியில் தங்கிப் படித்தார்கள். மற்றவர்கள் கடலுக்குப் போனார்கள்.

எங்கள் பள்ளி தொடங்கிய ஆண்டு எது என்பதில் ஊரில் மூன்று கருத்துகள் இருக்கின்றன. எதை எடுத்துக்கொள்வது?

மூன்றுமே சரியாக இருக்கலாம். ஏனென்றால் அவை மூன்று வெவ்வேறு நிகழ்ச்சிகளின் ஆண்டுகள். பிள்ளைகள் கூடிப் படிக்கத் தொடங்கிய ஆண்டு ஒன்று. அரசு அங்கீகாரமோ மானியமோ கிடைத்த ஆண்டு இன்னொன்று. இப்போது நிற்கும் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய ஆண்டு மற்றொன்று. கல்வெட்டில் இருப்பது பெரும்பாலும் மூன்றாவது.

இதில் நானே ஒருமுறை தவறியிருக்கிறேன். நான் தலைமையாசிரியராக இருந்த ஒரு பள்ளியில் பொன்விழா வளைவு எழுப்பியபோது, சுவரில் பதித்திருந்த கல்லைப் பார்த்து ஆண்டைக் கணக்கிட்டு வண்ணம் தீட்டச் செய்தேன். விழாவன்று ஒரு மூதாட்டி பிஸ்கட் டப்பா ஒன்றைத் திறந்து, நான்காக மடித்துப் பழுப்பேறிய பதிவுத்தாள் ஒன்றை எடுத்துக் காட்டினார். அவருடைய தகப்பனார் அதே பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்துப் போனதற்கான தாள். அதிலிருந்த ஆண்டு, நான் வளைவில் எழுதியிருந்த தொடக்க ஆண்டுக்கும் முந்தையது. "சார், எங்க அய்யா பள்ளிக்கூடம் கட்டுறதுக்கு முன்னாடியே படிச்சு முடிச்சிட்டாராக்கும்" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. வளைவு இன்னும் அதே ஆண்டோடுதான் நிற்கிறது.

அரசு மானியத்தின் பின்னணி தெரிந்தால் குழப்பம் குறையும். 1854இல் சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை, ஆய்வுக்கு உட்பட்டு நல்ல முறையில் பொதுக்கல்வி தரும் தனியார் பள்ளிகளுக்கு, அவை எந்தச் சமயத்தாருடையவை என்று பாராமல், உதவி தரலாம் என்று வகை செய்தது. அதன் பின்னர், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தில், ஆய்வாளர் வந்து பிள்ளைகளைத் தனித்தனியே தேர்வு செய்து, தேறியவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப மானியம் தரும் முறை இருந்தது. ஆய்வு நாளில் பாதிப் பிள்ளைகள் கடலுக்கோ பனங்காட்டுக்கோ போயிருந்தால் வாத்தியாரின் ஆண்டு வருமானமே குறையும். அந்தச் சூழலில் பல சிற்றூர்ப் பள்ளிகள் ஓராண்டு மானியப் பட்டியலில் ஏறி, மறு ஆண்டு விழுந்து, மீண்டும் ஏறியிருக்க வாய்ப்புண்டு. 1920ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டத்துக்குப் பிறகு மாவட்டக் கல்விக் குழுக்கள் அமைந்து, தனியார் தொடக்கப் பள்ளிகளின் அங்கீகாரத்தையும் மானியத்தையும் கவனித்தன. உங்கள் பள்ளியின் அங்கீகார ஆணையில் 1920களின் தேதி இருந்தால், அது பள்ளி பிறந்த நாளாக இராமல், ஏற்கெனவே நடந்த பள்ளி புதிய ஏற்பாட்டுக்குள் வந்த நாளாகவும் இருக்கலாம்.

மலரில் மூன்று ஆண்டுகளையும், எது எந்த ஆவணத்திலிருந்து வந்தது என்ற குறிப்போடு அச்சிடுங்கள். வளைவுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.

ஆவணங்களை எங்கே தேடுவது?

முதலில் பள்ளி அலமாரி. அடுத்துப் பங்கு இல்லம். அதற்குப் பிறகு எல்லைகள் மாறிய வரலாற்றைத் தெரிந்துகொண்டு தேட வேண்டும். இராமநாதபுரம் மாவட்டக் கத்தோலிக்கப் பங்குகள் 1987 முதல் சிவகங்கை மறைமாவட்டத்தில் உள்ளன. அதற்கு முன் மதுரை. மதுரை மறைமாவட்டம் 1938இல்தான் உருவானது என்பதால், அதற்கும் முன் 1886இல் அமைந்த திருச்சிராப்பள்ளி. இயேசு சபையார் நடத்திய பங்குகளின் கடிதங்களும் நாட்குறிப்புகளும் கொடைக்கானல் அருகே செண்பகனூரில் உள்ள அவர்களுடைய ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அக்கால அறிக்கைகளில் கணிசமானவை பிரெஞ்சிலும் இலத்தீனிலும் இருக்கும். மொழி தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நலம். சி.எஸ்.ஐ. பள்ளியாக இருந்தால் மதுரை–இராமநாதபுரம் திருமண்டலத்தில் விசாரிக்க வேண்டும். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகும் முன் அந்தப் பள்ளி எந்த மிஷனுக்கு உரியதாக இருந்தது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

அரசு ஆவணத்திலும் இதே சிக்கல் உண்டு. 1910இல் உருவான பழைய இராமநாதபுரம் மாவட்டம் 1985இல் மூன்றாகப் பிரிந்தது. பழைய மாவட்டத்தின் தலைமை அலுவலகம் நெடுங்காலம் மதுரையில் இருந்தது. ஆகவே பழைய கோப்பைத் தேடுபவர் இராமநாதபுரத்தில் இல்லை என்று கேட்டவுடன் திரும்பிவிடாமல், மதுரையிலும் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் கேட்டுப் பார்க்க வேண்டும். நிலத்தைப் பொறுத்தவரை, 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வரும் வரை இந்தக் கரையின் பெரும்பகுதி சேதுபதிகளின் ஜமீனுக்கு உட்பட்டது. பள்ளி மனைக்கு ஜமீன் காலத்துச் சீட்டு ஒன்று இருந்து, பின்னர் நில அளவையில் அது நத்தமாகவோ புறம்போக்காகவோ பதிவானதும் உண்டு. இதை வரலாற்று மலருக்காக மட்டும் அல்லாமல், பட்டாவுக்காகவும் தேடி வையுங்கள்.

சேர்க்கைப் பதிவேட்டில் என்ன வரலாறு இருந்துவிடப் போகிறது?

என்னைக் கேட்டால் பள்ளி வரலாற்றின் முக்கால் பங்கு அதில்தான் இருக்கிறது. பங்குத்தந்தையர் பட்டியலும் தலைமையாசிரியர் பட்டியலும் எல்லா மலர்களிலும் வரும். ஊர் எப்படி வாழ்ந்தது என்று சொல்வது அந்த நீளமான, பக்கவாட்டில் விரியும் பதிவேடு மட்டுமே.

பிறந்த தேதிப் பத்தியைப் பாருங்கள். ஒரு வகுப்பில் பாதிப் பேர் மே, சூன் மாதங்களில் பிறந்திருப்பார்கள். ஊரில் அந்த மாதங்களில் மட்டும் பிள்ளை பிறப்பதில்லை. பிறப்புச் சான்று இல்லாத காலத்தில், வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து இடக்காதைத் தொடச் சொல்லி, விரல் எட்டினால் ஐந்து வயது நிறைந்தது என்று வாத்தியாரே தேதி போட்டுக்கொண்டதன் விளைவு அது. ஞானஸ்நானப் பதிவேட்டில் உண்மைத் தேதி இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டால், ஓய்வூதியத்தில் ஓராண்டை இழந்தவர் யார், ஓராண்டு கூடுதலாகப் பெற்றவர் யார் என்பதும் தெரிந்துவிடும். அதை மலரில் எழுத வேண்டாம்.

தகப்பனார் தொழில் என்ற பத்தியில் கடல் தொழில், சங்கு குளித்தல், பனைத் தொழில், சுண்ணாம்புச் சூளை, ரயில்வே, கொழும்பு என்று எழுதியிருப்பதை ஆண்டு வாரியாக எண்ணிப் பாருங்கள். ஊர் தன் பிழைப்பை மாற்றிக்கொண்ட காலம் தானாக வெளிப்படும். பெயர்ப் பத்தியில் சந்தியாகு, சூசை, அருளானந்து ஆகியோருக்கு நடுவே முனியசாமியும் செய்யது இபுராகிமும் வரிசை எண் பிறழாமல் நிற்பார்கள். அருளானந்து என்ற பெயர் இப்பகுதியில் ஏன் இவ்வளவு பரவலாக இருக்கிறது என்று பிற மாவட்டத்தார் கேட்பதுண்டு; 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டப்பட்ட அருளானந்தரின் நினைவு அது.

எழுத்தையும் கவனியுங்கள். 1978இன் எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முந்தைய பக்கங்களில் "லை", "னை" போன்றவை யானைத் தும்பிக்கை போல முன்னால் சுழித்த பழைய வடிவத்தில் இருக்கும். பதின்மூன்று எழுத்துகளே மாறின என்றாலும், இன்றைய இளைஞர்கள் அந்தப் பக்கங்களைத் தட்டுத் தடுமாறித்தான் படிக்கிறார்கள். தேதி இல்லாத குறிப்பு ஒன்று கிடைத்தால் அதன் காலத்தை உத்தேசிக்கவும் இந்த வேறுபாடு உதவும். ஆனால் பழைய கைப்பழக்கத்தை விடாத வாத்தியார்கள் ஆணைக்குப் பின்னும் பல ஆண்டுகள் அப்படியே எழுதினார்கள் என்பதை மறக்க வேண்டாம். நானும் அவர்களிடம் படித்தவன்தான்.

சேர்க்கைப் பதிவேட்டின் நீக்கப் பத்தியில் "நீண்ட நாள் வரவில்லை" என்று இவ்வளவு பேருக்கு ஏன் எழுதியிருக்கிறது?

பிள்ளைகளின் சோம்பலால் அல்ல. இந்தக் கரைக்கு இரண்டு கடல்கள். பாக் நீரிணைப் பக்கம் வடகடல். மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். வாடைக் காற்றில் ஒரு பக்கமும் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் மறு பக்கமும் தொழில் படும் என்பதால், குடும்பங்கள் பாயும் சட்டியுமாக இடம் மாறிக் குடிசை போட்டுத் தங்கின. பனையேறிகளின் குடும்பங்கள் மாசி முதல் ஆவணி வரை பனங்காட்டு ஓலைக் குடிசைகளான விடிலிகளில் இருந்தன. பள்ளி ஆண்டோ சூனில் தொடங்கி ஏப்ரலில் முடிந்தது. காற்றின் நாட்காட்டியும் கல்வித்துறையின் நாட்காட்டியும் ஒருநாளும் ஒத்துப் போகவில்லை.

1953இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டம், மீதி அரைநாளில் பிள்ளை வீட்டுத் தொழிலைக் கற்கலாம் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று எதிர்க்கப்பட்டு 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. கடற்கரையில் தொழில் கற்க எந்தத் திட்டமும் தேவைப்பட்டதில்லை. கரைவலை இழுக்க ஆள் குறைந்தால் மூன்றாம் வகுப்புப் பையன் கயிற்றைப் பிடித்துத்தான் ஆக வேண்டும். பெண் பிள்ளைகள் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள நின்றார்கள். கொஞ்சம் வளர்ந்ததும் கடற்பாசி எடுக்கப் போனார்கள். ஒரே வீட்டின் ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் நீக்கத் தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், அவளே ஓரிரு ஆண்டுகள் முன்னதாக நின்றிருப்பாள்.

மதிய உணவு எப்போது வந்தது?

காமராசர் ஆட்சியில் 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. 1961 முதல் அமெரிக்காவின் கேர் நிறுவனத்தின் உதவி சேர்ந்தது. கேர் பால்பவுடரின் மணத்தையும் கோதுமைச் சோற்றின் பிசுபிசுப்பையும் இன்றும் சொல்லிச் சிரிக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் 1982 சூலை 1 அன்று வந்த பின் ஒவ்வொரு பள்ளியிலும் சமையலறையும் அமைப்பாளரும் ஆயாவும் நிலையாயினர். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022இல் தொடங்கி அடுத்த ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனபோது, உதவி பெறும் பள்ளிகள் விடுபட்டிருந்தன. ஒரே தெருவில் ஒரு பிள்ளைக்குக் காலையில் பொங்கல், அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு இல்லை என்ற வருத்தம் 2024 சூலை 15 அன்று, ஊரகப் பகுதிகளின் உதவி பெறும் பள்ளிகளுக்கும் அத்திட்டம் விரிந்தபோதுதான் தீர்ந்தது.

பழைய கட்டடங்களைப் பற்றி என்ன எழுதலாம்?

சுவரைச் சுரண்டிப் பாருங்கள். தீவுப் பகுதியிலும் மண்டபம் கரையிலும் பழைய சுவர்கள் பலவற்றில் கடலிலிருந்து எடுத்த பவளப்பாறைக் கற்கள் இருக்கும். மூளை மடிப்பு போன்ற வரிகள் அவற்றில் தெரியும். சுண்ணாம்பும் கடல் தந்ததே. சிப்பியையும் பாறையையும் சூளையில் சுட்டு, நீற்றி, மணலோடு அரைத்து, கடுக்காய் நீரும் கருப்பட்டித் தண்ணீரும் சேர்த்துப் பூசினார்கள். உப்புக் காற்றில் இரும்புக் கம்பி துருப்பிடித்துப் புதிய தூண்கள் வெடித்து நிற்கும்போது, இந்தப் பழைய சுவர்கள் அசையாமல் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். மன்னார் வளைகுடாவில் 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தது. பவளப்பாறையை எடுப்பது இன்று சட்டப்படி குற்றம். ஆகவே அந்தச் சுவரை இடித்தால் மறுபடி அதுபோல் கட்ட வழியில்லை.

கூரை வேறு கதை. முதலில் பனையோலை, பின்னர் வசதி இருந்த இடங்களில் மங்களூர் ஓடு. ஓலைக் கூரையின் முடிவை எழுதியது கும்பகோணம். 2004 சூலை 16 அன்று அங்கு பள்ளியொன்றில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் இறந்த பின், பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாது என்று அரசு உத்தரவிட்டது. சில வாரங்களில் கரையெங்கும் ஓலைகள் இறங்கின.

தனுஷ்கோடியில் இருந்த பள்ளி என்னவாயிற்று?

1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில் ஊரோடு போயிற்று. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயிலே கடலுக்குள் போன இரவு அது. கூரை இழந்து நிற்கும் தேவாலயச் சுவர்களைச் சுற்றுலாப் பயணிகள் இன்று படம் எடுத்துச் செல்கிறார்கள். வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்ததால், தப்பிய குடும்பங்கள் இராமேசுவரம், தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் என்று சிதறின. உங்கள் ஊர் அந்தப் பக்கம் என்றால் 1965ஆம் ஆண்டின் சேர்க்கைப் பக்கங்களைத் தனியாக எடுத்துப் பாருங்கள். முன்பு படித்த பள்ளி, மாற்றுச் சான்றிதழ் எண் ஆகிய பத்திகளில் என்ன எழுதியிருக்கிறது, என்ன எழுதாமல் விடப்பட்டிருக்கிறது என்பது கவனிக்கத் தக்கது.

பிற சமயப் பிள்ளைகளைக் கிறித்தவ வேதம் படிக்கச் சொல்லி வற்புறுத்தினார்களா?

அரசமைப்புச் சட்டத்தின் 28(3)ஆம் கூறு, அரசு உதவி பெறும் பள்ளியில் எவரையும் அவருடைய ஒப்புதல் இன்றிச் சமயப் போதனைக்கு உட்படுத்தக் கூடாது என்கிறது. சிறுவர் என்றால் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். 29(2)ஆம் கூறு, சமயம், சாதி, மொழி காரணமாகச் சேர்க்கை மறுப்பதைத் தடுக்கிறது. 30(1) சிறுபான்மையினருக்குப் பள்ளி நடத்தும் உரிமையைத் தருகிறது. நான் பார்த்த வழக்கம், கிறித்தவப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடக்கும்போது மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு. காலைச் செபத்தில் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள்; சிலுவை அடையாளம் இட வேண்டியவர்கள் இடுவார்கள். இதற்கு முந்தைய தலைமுறையில் இதைவிடக் கண்டிப்பு இருந்தது என்று முதியவர்கள் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதையும் அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள்.

மாணவர் எண்ணிக்கை ஏன் இப்படிக் குறைந்துவிட்டது?

ஆங்கில வழிப் பள்ளியின் வேன் ஊருக்குள் வருகிறது. பிள்ளைகளின் எண்ணிக்கையும் குறைவு. 1991–92 கல்வியாண்டு முதல் புதிதாகத் தொடங்கும் பள்ளிகளுக்கும் வகுப்புகளுக்கும் மானியம் இல்லை என்று மாநில அரசு முடிவெடுத்ததால், பழைய பள்ளிகள் ஆறாம் வகுப்புக்கு வளர முடியவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் அளவுகோலில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்பதால், எண்ணிக்கை சரிந்த இடங்களில் ஐந்து வகுப்புகளை இருவர் பார்க்கிறார்கள்.

மலரில் யாருடைய பெயர்கள் விடுபட்டுவிடுகின்றன?

தண்ணீர் சுமந்தவர், சமைத்தவர், மணியடித்தவர். நன்கொடையாளர் படங்கள் வழவழப்பான தாளில் எட்டுப் பக்கம் வரும். இருபது ஆண்டுகள் சோறு வடித்த ஆயாவின் பெயர் ஒரு வரியிலும் வராது. சத்துணவுப் பதிவேட்டில் அவர்களின் கையொப்பமோ கைநாட்டோ இருக்கும். அங்கிருந்து எடுக்கலாம்.

பழைய பதிவேடுகளை எப்படிப் பாதுகாப்பது?

லேமினேஷன் செய்யாதீர்கள், உள்ளே சிக்கிய ஈரம் தாளைத் தின்றுவிடும், பிறகு பிரிக்கவும் முடியாது. செல்லோ டேப்பும் ஒட்டாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் கைபேசியில் படமெடுத்து இரண்டு இடங்களில் சேமியுங்கள். ஆனால் சாதி, பிறந்த தேதி உள்ள பக்கங்களை வாட்ஸ்அப் குழுவில் போடுவது முறையல்ல. மூலப் பதிவேட்டைப் பருத்தித் துணியில் சுற்றி நாடாவால் கட்டி, இரும்பு பீரோவின் நடுத்தட்டில் வையுங்கள். பீரோ சுவரில் படாமல் ஒரு சாண் தள்ளி நிற்கட்டும். இந்தக் கரையில் ஈரமும் கரையானும் சுவர் வழியாகவே வருகின்றன. மாசி மாத வெயிலில் ஆண்டுக்கு ஒருமுறை வெளியே எடுத்து, நிழலில் பிரித்துக் காற்றாட விட்டு, மறுபடி கட்டி வையுங்கள்.